தோட்டத்துக் கேமராவும் அப்பாவும்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், கல்லூரியில் பாடம் நடத்துகிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் வினைதான். தகவல் அமைப்புகள் துறைப் பேராசிரியர் என்று ஒருமுறை பக்கத்து வீட்டில் வாய்விட்டுவிட்டேன். அன்றிலிருந்து சார்ஜ் ஏறாத போனும், மறந்துபோன பாஸ்வேர்டும், ஓடிபி வராத கேஸ் புக்கிங்கும் ஞாயிற்றுக்கிழமை காலையானால் எங்கள் வாசலுக்கு வரத் தொடங்கின. முடிந்ததைச் செய்துகொடுப்பேன். முடியாதபோது, இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்கிற பார்வையை வாங்கிக்கொண்டு உள்ளே போவேன்.

உண்மையில் நான் செய்வது வேறு. ஒரு புது இயந்திரமோ, போனில் ஒரு புது வசதியோ ஓர் ஊருக்குள் வந்தால், அங்கே இருக்கிறவர்களுக்கு என்ன ஆகிறது, யாருக்கு அதனால் நல்லது, யாருக்குத் தொல்லை, அந்தத் தொல்லை நியாயம்தானா என்று பார்ப்பது. அப்பாவிடம் ஒருநாள் இதை விளக்கிச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீயும் கண்டக்டர்தான் அம்மிணி. டிரைவர் முன்னால பாத்து ஓட்டுவான். உள்ள இருக்கறவங்க நிக்கறாங்களா, விழுகறாங்களான்னு பாக்கறது கண்டக்டர்தான்" என்றார். அவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். குன்னூரிலிருந்து கட்டபெட்டு வழியாகக் கோத்தகிரி போகும் பாதையில்தான் அவருடைய வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. எதையும் பேருந்துக்குள் ஏற்றித்தான் அவருக்குப் பார்க்கத் தெரியும்.

அம்மா இறந்த பிறகு குன்னூர் பக்கத்து ஜெகதளாவில் அப்பாவும் நானும்தான். தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வேலி, வேலிக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட். அந்த எஸ்டேட்டில்தான் கரடிக்காகக் கேமரா வைத்தார்கள்.

கரடித் தொல்லை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேயிலைச் செடிக்கு நடுவே பகலில் படுத்துக்கிடக்கும், இருட்டுகிற நேரத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு வரும். எண்ணெய் வாசம் பட்டால் போதும், கதவை உடைத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் நுழைந்துவிடும். கோயில் விளக்கைக்கூட விட்டுவைக்காது. இலை பறிக்கப் போன ஒரு பெண்ணைக் கரடி கீறிவிட்ட பிறகு, எஸ்டேட் நிர்வாகம் கோயம்புத்தூரில் சின்னதாகக் கம்பெனி நடத்தும் ஓர் இளம் இன்ஜினியரை அழைத்து வந்தது. ஆள் நடக்கிற ஒற்றையடிப் பாதைகளில் மரத்துக்கு மரம் அவர் கேமரா பொருத்தினார். கரடி எதிரே வந்தால் கேமராவே அதைக் கண்டுகொண்டு படம் பிடித்து எஸ்டேட் ஆபீசுக்கு அனுப்பும். தொழிலாளர்களின் போனுக்கு எச்சரிக்கை போகும். எஸ்டேட் காவலுக்கு இருக்கும் வாட்சர்கள் தகர டின்னும் பட்டாசும் எடுத்துக்கொண்டு போய்க் கரடியைச் சோலைக்காட்டுக்குள் விரட்டுவார்கள். ஆபீசில் கணினி முன்னால் உட்கார்ந்து படங்களைப் பார்ப்பதற்கு லைன் வீட்டிலேயே பிறந்து டிப்ளமா முடித்த ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள்.

நல்ல ஏற்பாடு. அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. என் வீட்டுக்குப் பின்னாலேயே நடக்கிறதே என்று அதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன். மானேஜரும் சரி என்றார்.

இலை பறிக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தபோது முதலில் எல்லோரும் கேமரா நல்லதுங்க, பயமில்லாமப் போறோம் என்றுதான் சொன்னார்கள். நாலைந்து தடவை போய், டீ குடித்து, மழைக்கு ஒதுங்கி, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஒருமுறை போய்வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கேமரா கரடியை மட்டும் எடுக்கவில்லை. பாதையில் யார் போனாலும் எடுத்தது. லைனில் தண்ணீர் வராத நாட்களில் பெண்கள் ஒதுங்குவதற்குப் போகும் வழியும் அதுதான். யார் தாமதமாக வேலைக்கு வந்தார்கள், யார் மரத்தடியில் உட்கார்ந்தார்கள், யார் யாரோடு நின்று பேசினார்கள் என்று படங்களைப் பார்த்து ஒரு சூப்பர்வைசர் விசாரிக்கத் தொடங்கியிருந்தார். ஒரு பெண் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த படம் எப்படியோ லைன் முழுக்கப் போனில் சுற்றியது. அந்தப் பெண் அதற்குப் பிறகு அந்தப் பாதையில் போவதையே விட்டுவிட்டாள். கேமரா இல்லாத ஓடைப் பக்கமாகச் சுற்றிப் போனாள். கரடி அதிகம் நடமாடுகிற இடமும் அந்த ஓடைப் பக்கம்தான்.

இலை பறிக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஓர் அக்கா இருந்தார். குரல் கொஞ்சம் கட்டை. அவர்தான் என்னிடம் சுருக்கமாகச் சொன்னார்: "கரடிய எடுக்கட்டுங்க, வேண்டாங்கல. எங்கள எதுக்குங்க எடுக்கோணும்?"

நான் அறிக்கையில் எழுதியதும் இதைத்தான். மனிதர் என்று தெரிந்தால் அந்தப் படத்தைக் கேமராவே அந்த இடத்திலேயே அழித்துவிட வேண்டும், ஆபீசுக்கே வரக்கூடாது என்று கேட்டேன். இன்ஜினியர் நல்ல மனிதர். அவர் இந்தக் கோணத்தில் யோசித்திருக்கவே இல்லை. கேட்டதும் முகம் வாடிப்போனது. முடியும் மேடம் என்று சொல்லி அந்த மாதமே செய்துகொடுத்தார். மானேஜருக்குத்தான் மனமில்லை. திருடு நடந்தால் என்ன செய்வது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் ஒத்துக்கொண்டார். ஓடைப் பக்கமாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த பெண் மறுபடி பாதைக்கு வந்தாள். பாடம் நடத்தி, கட்டுரை எழுதிக் கழிந்த இத்தனை ஆண்டுகளில், என் வேலையால் ஒருத்தி நடக்கிற வழி மாறியது என்று கையை நீட்டிக் காட்ட எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு மறதி முற்றத் தொடங்கியது. முதலில் சாவி, பிறகு மருந்து, பிறகு அம்மா இறந்துபோன செய்தி. ஒருநாள் காலையில் பழைய காக்கிச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, டிக்கெட் பையைத் தோளில் மாட்டி, விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கதவருகே நின்றார். முதல் டிரிப்புக்கு நேரமாகிவிட்டதாம். நான் கையைப் பிடித்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். குடித்து முடித்ததும் டிரிப்பு மறந்துபோயிற்று. டாக்டர் வேறு நோய் எதுவும் இல்லை, இது இப்படித்தான் போகும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

தம்பி உடனே ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினான். அதைக் கட்டிக்கொண்டால் அப்பா எங்கே இருக்கிறார் என்று எங்கள் இருவர் போனிலும் தெரியும். கேட்காமல் கட்டிவிடு, அவருக்கு என்ன தெரியப்போகிறது என்றான். எனக்கு அது முடியவில்லை. அவருக்கு மனம் தெளிவாக இருந்த ஒரு மத்தியானம் கடிகாரத்தைக் கையில் கொடுத்து, அது என்ன செய்யும் என்று சொல்லி, கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாட்டுக்குத்தான் மணி கட்டுவாங்க. எனக்கு எதுக்கு?" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடிகாரம் அலமாரிக்குள் போயிற்று. தம்பிக்கும் எனக்கும் போனில் சண்டை வந்தது. உன் ஆராய்ச்சியை அப்பாவிடம் காட்டாதே என்றான். இது ஆராய்ச்சி இல்லை, அப்பா வேண்டாம் என்று சொன்னது என்றேன். பகலில் அப்பாவோடு இருப்பதற்கு எங்கள் தெருவிலேயே ஓர் அம்மாவை ஏற்பாடு செய்துகொண்டேன். அவர் பொறுப்பானவர், அப்பாவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு பல மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் போயின.

அது ஐப்பசி மழைக்காலம். மத்தியானத்துக்கு மேல் வகுப்பு முடிந்து நான் வீட்டுக்கு வரும் பேருந்தில் இருந்தேன். வெளியே எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது, அப்படி ஒரு மூடுபனி. அந்த அம்மா போன் செய்தார். அழுகையில் முதலில் ஒன்றும் புரியவில்லை. தூறல் போட்டதும் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் பின்பக்கம் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் முன்கதவு திறந்துகிடக்கிறது. அப்பாவைக் காணோம். பையும் இல்லை, அவர் எப்போதும் போர்த்திக்கொள்ளும் கறுப்புக் கம்பளியும் இல்லை.

நான் வந்து சேர்வதற்குள் தெருவே தேடிக்கொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் அவர் இல்லை. டீக்கடையிலும் இல்லை. காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டோம். ஒரு பையோடு வயதானவர் வேலிச் சந்து வழியாக எஸ்டேட் பக்கம் போனதைப் பார்த்த மாதிரி இருந்தது என்று ஒருவர் சொன்னார். எஸ்டேட்டுக்குள் பாதை எங்கே பிரிகிறது, பள்ளம் எங்கே இருக்கிறது என்று வெயில் நாளிலேயே தெரியாது. இன்றைக்கு முழங்கால் உயரத்துச் செடிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. குளிர் வேறு.

தம்பிக்குச் சொல்லித்தானே ஆகவேண்டும். சொன்னேன். அவன், "அந்த வாட்சைக் கட்டியிருந்தா இந்நேரம் கண்டுபிடிச்சிருப்போம்லக்கா" என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. நான் கிளம்பி வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

எஸ்டேட் ஆபீசுக்கு ஓடினேன். கேமரா இருக்கிறதே என்ற நினைப்பு எனக்கு வழியில்தான் வந்தது. ஆபீசில் படங்களைப் பார்க்கும் அந்த டிப்ளமாப் பெண் தனியாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி, அப்பா படம் எதிலாவது விழுந்திருக்கிறதா பார் என்றேன்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்க்க முடியாமல் கணினியைப் பார்த்தாள்.

"மனுசங்க படம் இங்க வராதுங்களே மேடம். அங்கயே அழிஞ்சுருமுங்களே."

அதைக் கேட்டு வைத்தவளே நான்தான் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மரத்துக்கு மரம் கண் இருக்கிறது. அப்பா அவற்றில் ஒன்றையாவது தாண்டித்தான் போயிருப்பார். அது அவரைப் பார்த்திருக்கும்; பார்த்த கையோடு மறந்தும் இருக்கும். அப்படித்தான் நடக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெண்தான் முதலில் தெளிந்தாள். கோயம்புத்தூருக்குப் போன் போட்டு இன்ஜினியரிடம் பேசினாள். அழிக்கிறதை இங்கிருந்தே நிறுத்திவிடலாம், இனிமேல் யார் கடந்தாலும் படம் வரும், செய்யட்டுமா என்று அவர் கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தாள். வாயில் வந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். வேலை முடிந்து பெண்கள் அந்தப் பாதை வழியாகத்தான் வரப்போகிறார்கள். படம் வராது என்று அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து சொன்னவள் நான். அப்பாவுக்காக அதை மாற்றுவது அவர்களிடமிருந்து எடுப்பது. எடுக்கவும் கூடாது, எடுக்காமல் இருக்கவும் முடியாது.

"அக்காவக் கேட்டுரலாமுங்களா?" என்றாள் அந்தப் பெண். நான் தலையாட்டினேன்.

அந்தக் கட்டைக் குரல் அக்கா இலை நிறுக்கும் கொட்டகையில் இருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னோம். அவர் போனைக் காதிலிருந்து எடுத்துச் சுற்றியிருந்த பெண்களிடம் சத்தமாகக் கேட்பது எங்களுக்கும் கேட்டது. கண்டக்டரய்யாவா என்று யாரோ கேட்டார்கள். பாதிப் பேர் அவருடைய பேருந்தில் பள்ளிக்கூடம் போனவர்கள். அக்கா மறுபடி போனுக்கு வந்தார்.

"இன்னைக்கு எடுத்துக்கட்டுங்க. அய்யா கெடச்சா போதும். ஆனா நாளைக்கு மறுபடி அழிக்கோணும், சொல்லிப்போட்டேன்."

இன்ஜினியர் ஒவ்வொரு கேமராவாக மாற்றத் தொடங்கினார். கொட்டகையிலிருந்த பெண்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து தேடக் கிளம்பினார்கள். நான் ஆபீஸ் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் கணினியில் மணி அடித்தது. கரடி எச்சரிக்கை. ஓடைக்கு மேலே இருக்கும் பாதையில் கரடி. அப்பா போயிருக்கக்கூடிய பாதை அது. வெளியே வாட்சர்கள் டின்னை எடுத்துக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கினாள். திரையின் பக்கம் குனிந்தாள். இன்னும் குனிந்தாள்.

"மேடம்," என்றாள், "இந்தக் கரடி தோள்ல பை மாட்டியிருக்குதுங்க."

நான் போய்ப் பார்த்தேன். பனிக்குள் கறுப்பாக, தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முதுகு வளைந்து, ஓர் உருவம். கம்பளி நனைந்து மயிர் மயிராகத் தொங்கியது. பக்கவாட்டில் அந்தத் தோல்பை. கரடி என்று இயந்திரம் பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. அந்தப் பாதைக் கேமராவை இன்ஜினியர் இன்னும் மாற்றியிருக்கவில்லை; அவரை மனிதர் என்று சரியாகக் கண்டுபிடித்திருந்தால் படம் அழிந்திருக்கும். தவறாகக் கண்டுபிடித்ததால் வந்து சேர்ந்தது. என் அப்பாவைக் கரடி என்றதற்காக அந்த இயந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

ஆனால் சந்தோஷப்பட நேரமில்லை. வாட்சர்கள் பட்டாசோடு போய்விட்டார்கள். பனியில் கறுப்பாக ஏதாவது அசைந்தால் கொளுத்திப் போடுவார்கள். பாதைக்குக் கீழே செங்குத்தான சரிவு, அதற்கும் கீழே ஓடை. வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடினால் முடிந்தது கதை. போன் போட்டால் ஓடுகிற அவசரத்தில் யாரும் எடுக்கவில்லை. எஸ்டேட் ஜீப்பில் நானும் அந்தப் பெண்ணும் ஏறிக்கொண்டோம். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார். ஜீப் போக முடிந்த இடம் வரை போய், இறங்கி ஓடினோம். எனக்கு ஓடிப் பழக்கமில்லை. மழையில் மண் வழுக்கியது. அந்தப் பெண் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வெடிச் சத்தம் எப்போது கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓடினேன். கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் பனிக்குள்ளிருந்து ஒரு விசில் கேட்டது. நீளமாக, ஒற்றை விசில்.

பிறகு வாட்சர்களில் மூத்தவர் சொன்னதிலிருந்து என்ன நடந்தது என்று தெரிந்தது. பாதை வளைவில் கறுப்பாக ஓர் உருவம் தெரிந்ததும் அவர் தீப்பெட்டியை உரசியிருக்கிறார். நமுத்துப்போன குச்சி பற்றவில்லை. மறுபடி உரசுவதற்குள் அந்த உருவம் விசில் அடித்திருக்கிறது. "ஒத்த விசில் அடிச்சா வண்டிய நிறுத்தோணும்ல மேடம். கை தானா நின்னுபோச்சுங்க. அப்புறந்தான் கரடி எங்கயாச்சும் விசில் அடிக்குமான்னு தோணுச்சு" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். மூத்த வாட்சர் தன் ஜெர்க்கினைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டிருந்தார். வேறு திசையிலிருந்து தேடி வந்த பெண்களும் அதற்குள் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் உதடு நீலமாக இருந்தது, ஆனால் ஒரு கீறல் இல்லை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அந்த அடையாளம் தெரிந்த பார்வையை நான் மறக்கப்போவதில்லை.

"ஏன் அம்மிணி இவ்வளவு நேரம்? வண்டி பிரேக்டவுன். ஆளுங்கள எல்லாம் எறக்கி விட்டுட்டேன்" என்றார்.

"சரிங்கப்பா. வேற வண்டி வந்திருக்கு, ஏறுங்க" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன். அவர் பெண்களை எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, லேடீஸ் முதலில் ஏறட்டும் என்றார். சொன்னபடியே அவர்கள் கொஞ்ச தூரம் முன்னால் நடந்தார்கள். அவர் பின்னால் வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். குளிர்தான், வேறு ஒன்றும் இல்லை, சூடாக ஏதாவது கொடுத்துப் படுக்கவிடுங்கள் என்றார். பகலில் பார்த்துக்கொள்ளும் அம்மா சமையற்கட்டில் நின்று கஞ்சி காய்ச்சிக்கொண்டே அழுதார். நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. மழைக்குத் துணி எடுக்காமல் யார் இருப்பார்கள்? அவரை உட்காரவைத்து முதல் கிண்ணம் கஞ்சியை அவருக்கே கொடுத்தேன். எனக்கு அன்றைக்கு யார்மீதும் கோபம் வரவில்லை. உடம்பு முழுக்க ஓர் இளக்கம். சிரிப்பு சும்மா சும்மா வந்தது.

தம்பி வந்து சேர்ந்ததும் நேராக அப்பாவின் கட்டிலுக்குப் போனான். காலடியில் உட்கார்ந்து கம்பளிக்கு மேலேயே காலைப் பிடித்துவிட்டான். அப்பா கண் விழித்துப் பார்த்து, செக்கிங்கா என்று கேட்டுப் பையைத் தேடினார். "இல்லீங்கப்பா, நாந்தான். கணக்கெல்லாம் சரியா இருக்கு, தூங்குங்க" என்றான் தம்பி. பிறகு சமையற்கட்டுக்கு வந்து, இருந்த கஞ்சியைப் பாத்திரத்தோடு எடுத்துக் குடித்தான்.

மறுநாள் நான் எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். அந்தக் கட்டைக் குரல் அக்கா எனக்கு முன்னாலேயே அங்கே நின்றிருந்தார். நேற்று திறந்துவிட்ட நேரத்தில் பாதையில் விழுந்த படங்களை எல்லாம் அந்தப் பெண் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். தேடிப் போன பெண்கள், வாட்சர்கள், மண்ணில் வழுக்கி விழப்போகும் நான். கடைசிப் படம் போகும் வரை அக்கா திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, அய்யா சாப்பிட்டாரா என்று கேட்டார். மூன்று இட்லி சாப்பிட்டார் என்றேன். சந்தோஷம் என்று சொல்லிக் கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

இதை வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, அப்படியானால் நீங்கள் அந்தப் படங்களை அழிக்கச் சொன்னது தவறுதானே மேடம் என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் இன்றும் அழிக்கத்தான் சொல்வேன். அன்றைக்கு அந்தப் பெண்கள் மறுத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அவள் அடுத்துக் கேட்டாள். தெரியவில்லை என்றேன். கெஞ்சியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் அவர்கள் மறுக்கவில்லை. கேட்டார்கள், யோசித்தார்கள், கொடுத்தார்கள். கொடுத்ததை மறுநாள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். என் துறையில் இதற்கெல்லாம் கனமான சொற்கள் இருக்கின்றன. அன்றைய வகுப்பில் நான் அவற்றில் ஒன்றையும் பயன்படுத்தவில்லை.

கடிகாரத்தைத் தம்பிதான் அலமாரியிலிருந்து எடுத்தான். ஊருக்குத் திரும்புவதற்கு முன் அப்பாவின் எதிரே உட்கார்ந்து, ஒளிக்காமல், இது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எங்களுக்குச் சொல்லும் என்று அவனே விளக்கினான். அவன் அப்படிப் பொறுமையாகப் பேசி நான் பார்த்ததில்லை. அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கையை நீட்டினார். எனக்கு ஆச்சரியம். அடுத்த நாள் காலையில் அதைக் கழற்றி ஜன்னலில் வைத்திருந்தார்.

அதனால் இப்போது தினமும் காலையில் அவரிடம் கேட்கிறோம். கேட்பதும், இது என்ன என்று விளக்குவதும் ஒவ்வொரு நாளும் புதிதாக நடக்கிறது. சில நாள் கட்டிக்கொள்கிறார். கட்டிக்கொள்ளாத நாளில் வெளியே போக வேண்டும் என்றால் யாராவது கூடப் போகிறோம், நானோ, அந்த அம்மாவோ, தெருவில் சும்மா இருப்பவர்களோ. கம்பளியை மட்டும் மாற்றிவிட்டேன். நல்ல ஆரஞ்சு நிறத்தில் ஒன்று குன்னூர் மார்க்கெட்டில் கிடைத்தது. நிறம் கண்ணைக் குத்துகிறது என்று முதல் நாள் முணுமுணுத்தார், பிறகு போர்த்திக்கொண்டார். இன்று ஞாயிற்றுக்கிழமை. வெளியே வெயில் நன்றாக அடிக்கிறது. வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் தன் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார். போய் என்னவென்று பார்க்க வேண்டும்.